பெரும்புள்ளி

டெக்காவில் கறிக்கடைக்காரர் ரொக்கம்தான் வாங்குவார்.
அவரிடம் மட்டும் தோற்றுப்போவேன்.
மற்றபடி இந்த ஈராண்டில்
என் வீட்டுச் செலவு எதுவும்
அட்டையை உரசாமல் போனதில்லை.
ஹாரித்தின் பல்கம்பி,
அஃப்ராவின் கணக்குத் துணைப்பாடம்,
மூன்று மாதத்துக்கொரு முறை வந்து
குளிரூட்டியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப்
போகிறவரின் கூலிகூட
மைலாக மாறி
என் பெயரில் ஏறிக்கொண்டது.

நோன்பு மாதம் அலுவலகத்துப் பதினான்கு பேர்
பூகிஸ் பக்கம் இஃப்தாருக்குப் போனோம்.
பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும் முன்பே
"பில்லை நான் கட்டிவிடுகிறேன்,
பிறகு எனக்கு அனுப்பிவிடுங்கள்" என்றேன்.
என்ன தாராளம் என்றாள் புதிதாய்ச் சேர்ந்தவள்.
பழையவர்கள் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வட்டி என்று ஒரு காசு கட்டியதில்லை.
கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே முழுத்தொகை.
ஹராமும் வேண்டாம், அபராதமும் வேண்டாம்.
இந்த வங்கிக்கு
என்னால் ஒரு வெள்ளி லாபமில்லை என்பதில்
எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

எண்பத்து நான்காயிரம் சேர்ந்தது.
ஜூன் பள்ளி விடுமுறை, நாலு பேர், பெர்த்.
ஈஷூனில் பதினோராவது மாடி
தூங்கிக்கொண்டிருந்த நள்ளிரவில்
கைப்பேசித் திரையில் சக்கரம் சுழன்று சுழன்று
நின்றது.
மூன்று இருக்கைகள்.
முந்தின நாள் இரண்டு. மறுநாள் ஒன்றுமில்லை.
நாலாவது ஆள்
காத்திருப்புப் பட்டியலில்.

"பேசாமல் படகேறிப் பாத்தாம் போய்விடலாம்"
என்றார் நிஜாம்.
"அம்மா மட்டும் காரில் வரட்டும்"
என்றான் ஹாரித்,
அவனுக்கு இன்னும் உலகப்படம் பாடத்தில் வரவில்லை.

அதே நாள் இரவு பத்தரைக்கு
ஒரு மலிவு விமானம் இருந்தது.
ஏழு கிலோ பை, குடிதண்ணீரும் விலைக்கு.
எனக்கு நானே ரொக்கமாய் வாங்கிக்கொண்டேன்.

சாங்கியில் மாலை ஐந்தரை.
சன்னலோரம் யாருக்கு என்ற சண்டையை
வாயில்வரை கொண்டுவந்து
முடிக்காமலே உள்ளே போனார்கள் பிள்ளைகள்.
திரும்பிப் பார்த்துக் கையசைத்தது நிஜாம் மட்டும்.

எனக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.
அட்டையின் சிறு எழுத்துச் சலுகையில் ஒன்று
இன்னும் தொடப்படாமல் கிடந்தது:
ஓய்வுக்கூடம், ஆண்டுக்கு இருமுறை, ஓராள்.

கம்பளம் என் செருப்பின் ஓசையை விழுங்கியது.
ஹலால் என்று எழுதியிருந்த பானையிலிருந்து
ஒரு கிண்ணம் லக்சா.
பிறகு இன்னொரு கிண்ணம்.
சூடாறும் முன்பே நானாகச் சாப்பிட்டு முடித்தது
எந்த வருஷம் என்று யோசித்தேன்,
யோசனையை முறிக்க யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை.
எதிரே கோட்டுப்போட்ட ஒருவர்
மரியாதையாய்த் தலையசைத்தார்.
பெரும்புள்ளி என்று நினைத்திருப்பார்.
நினைக்கட்டும்.

நிஜாம் படம் அனுப்பினார்.
சூடான துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
ரெண்டும் பல்லைக் காட்டுகின்றன, ஒன்றில் கம்பி.
'நீ இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது.'
'எனக்கும்' என்று அனுப்பிவிட்டுக்
குலோப்ஜாமுன் எடுக்க எழுந்தேன்.

ஒன்று சொல்லவில்லை.
போன செவ்வாய், வாடா பொரித்துக்கொண்டிருந்தபோது
செய்தி வந்தது:
உங்கள் இருக்கை கிடைத்துவிட்டது,
இருபத்து நான்கு மணி நேரத்தில் உறுதிசெய்க.
கையில் மாவு.
படித்தேன்.
அடுப்பைத் தணித்தேன்.
மலிவுச் சீட்டுக்குப் பணம் திரும்பாதே என்றுதான்
விட்டுவிட்டேன் என்று
இப்போதும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

கணக்கில்
இருபத்தோராயிரம் அப்படியே கிடக்கிறது.
அடுத்த ஆண்டு மார்ச்சில் காலாவதி.
ஓராளுக்குப் போதும்.